பிரேக் பெடல்: அமுங்குவது வேறு, இறங்குவது வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பராமரிப்புப் பகுதியில் அண்மையில் வந்த குறிப்பொன்றில், காரின் பிரேக் பெடல் இளகியிருந்தால் பிரேக் ஆயில் நிரப்பி, குழாய்களில் புகுந்த காற்றை எடுத்துவிட்டால் போதும் என்று கூறப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அதில் விடுபட்டதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

பெடல் பஞ்சுபோல அமுங்குவதும், மிதித்த கால் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்குவதும் ஒரே கோளாறு அல்ல. குழாய்களில் காற்று புகுந்திருந்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கும். நாலைந்து முறை அடுத்தடுத்து மிதித்தால் சற்று உயரும். பின்சக்கர டிரம்மின் உட்புறத்தில் அழுந்திப் பிடிக்கும் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும் அவ்வாறே உயரும். ஆனால் அப்போது பெடல் தாழ்வாகப் போய்க் கெட்டியாகப் பிடிக்குமே தவிர, பஞ்சுபோல இராது.

இறங்கும் பெடலைக் கண்டறிய, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கால் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டரில் தங்கியுள்ள வெற்றிடம் தீரும் வரை ஐந்தாறு முறை மிதிக்க வேண்டும். பெடல் இறுகியதும், ஓங்கி அழுத்தாமல் ஒரே சீராக அரை நிமிடம் மிதித்தபடி இருந்தால், அது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காலை எடுக்காமலேயே எஞ்சினை இயக்கும்போது பெடல் சிறிது இறங்கி நின்றால் பூஸ்டர் வேலை செய்கிறது என்று பொருள். இதைக் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்கு ஓடி வருவோர் உண்டு.

சோதனையில் பெடல் தொடர்ந்து இறங்கினால், அழுத்தம் எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உட்புறம், ஹோஸ் இணைப்புகள், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டருடன் சேரும் இடம் ஆகியவற்றில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும் என்பதால், அவ்விடத்தில் பெயின்ட் உப்பி உரிந்திருப்பதே ஓர் அடையாளம். எங்கும் ஈரமில்லை, ஆயிலின் அளவும் குறையவில்லை, ஆனாலும் பெடல் இறங்குகிறது என்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயிலை அடைத்துத் தள்ளும் ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் வெளியேறாமல் உள்ளேயே பின்வாங்குகிறது. ஓங்கி மிதிக்கும்போது கப் விரிந்து அடைத்துக்கொள்வதால் பிரேக் நன்றாகப் பிடிக்கும். சிக்னலில் இலேசாக மிதித்து நிற்கும்போதுதான் கால் இறங்கும். இந்நிலையில் எத்தனை முறை காற்றை எடுத்தாலும் பயனில்லை. அதோடு, காற்றெடுக்கப் பழைய சிலிண்டரின் பெடலை அடிவரை மிதிக்கும்போது, கப் அதுவரை போகாத துருப்பிடித்த பகுதியில் உரசிக் கிழிவதும் உண்டு.

பிரேக் ஆயில் என்ற பெயரே சில வேளைகளில் வினையாகிறது. அது எண்ணெய் அன்று. பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் அனைத்தும் ஊதிக் கெட்டுவிடும். சரியான திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டிய டாட் 4 (DOT 4) என்ற தர வகைப் பிரேக் திரவத்திற்கு, ஈரம் ஏறிய நிலையில் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறி, திரவம் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டானால், அதுவரை நன்றாக இருந்த பெடலும் திடீரென இளகும். ஆறியபின் பழையபடி இறுகிவிடுவதால் பட்டறையில் யாருக்கும் எதுவும் தென்படாது.

அக்குறிப்பை மீண்டும் வெளியிடும்போது, இந்த அரை நிமிடச் சோதனையையும், பெடல் இறங்கும் வண்டியை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் அனுப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்