மெஷினை இயக்கத் தெரிந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் பாராமெடிக்கல் படிப்புகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ‘டெக்னீஷியனுக்கு மெஷினை இயக்கத் தெரிந்தால் போதும், நோயாளியைப் பார்த்துக்கொள்ள நர்ஸ் இருக்கிறார்’ என்று அதில் ஒரு வரி. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் படிக்கிற பக்கத்தில் இப்படி எழுதலாமா?

என் கணவர் பல வருடங்களாக டயாலிசிஸில் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற அந்த நாலு மணி நேரமும் பக்கத்தில் நிற்பவர் டெக்னீஷியன்தான். எடை பார்ப்பது, ஊசி குத்துவது, பி.பி. இறங்குகிறதா என்று கவனிப்பது, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டால் ஓடி வருவது எல்லாமே அவர்தான்.

என் கணவருக்கு இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகச் செய்த ரத்தக்குழாய் இணைப்பு. தமனியையும் சிரையையும் ஆபரேஷனில் இணைத்து, அது தேறி ஊசி குத்துகிற பக்குவத்துக்கு வர மாதக்கணக்கில் ஆனது. விரல் வைத்துப் பார்த்தால் பூனை உறுமுகிற மாதிரி ஓர் அதிர்வு இருக்கும். காலையில் கண் விழித்ததும் அவர் முதலில் தொட்டுப் பார்ப்பது அதைத்தான். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப்ஸ் ஏற்றக் கூடாது. ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் கழுத்தில் டியூப் போட வேண்டும். அப்புறம் தொற்று வந்துவிடுமோ என்று தினமும் பயம்.

ஒரு ஸ்கேன் சென்டரில் அந்தக் கையில்தான் பி.பி. பட்டையைச் சுற்றினார் ஒரு தம்பி. “அது பிஸ்டுலா கை தம்பி” என்றேன். “எந்தக் கையில பார்த்தாலும் ஒண்ணுதாம்மா” என்று காற்றை அடிக்க ஆரம்பித்துவிட்டார். பட்டையை நானே பிரித்து எடுத்தேன். மேனேஜர் வந்து என்னிடம்தான் சத்தம் போட்டார். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தராமல் வேலைக்கு வைத்தவர்கள் மேல்தான் கோபம்.

இன்னோர் இடத்தில், அடுத்த ஆள் காத்திருக்கிறார் என்று டயாலிசிஸ் முடிந்த கையோடு இவரை எழுப்பிவிட்டார்கள். உடம்பிலிருந்து இரண்டு மூன்று லிட்டர் நீரை எடுத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரம் உட்காரவைத்து, பி.பி. பார்த்துவிட்டு, பிடித்துக்கொண்டுதானே இறக்க வேண்டும்? கட்டிலோரத்திலேயே சரிந்தார். புருவத்தில் தையல்.

லேப்களில் நடப்பதையும் சொல்கிறேன். “முருகன்தானே?” என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருக்கிற யாரும் தலையாட்டுவார்கள். பெயரையும் வயதையும் நோயாளி வாயால் சொல்லவைத்து, சீட்டோடு ஒத்துப்பார்த்து, ரத்தம் எடுத்த இடத்திலேயே டியூபில் லேபிள் ஒட்ட வேண்டும். நான் பார்த்த லேபில் எல்லா டியூபையும் ட்ரேயில் சேர்த்துவைத்து, அப்புறம் மேஜையில் உட்கார்ந்து ஒட்டுகிறார்கள்.

நம் மாவட்டத்து சாத்தூரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 டிசம்பரில், கர்ப்பிணிப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. கிருமியுள்ள ரத்தத்தை ஏற்றியது நாடு முழுக்கத் தெரிந்தது. அதே வருடம் ஜனவரியில் மும்பையில், ஆக்ஸிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன நோயாளியின் உறவினரை ஸ்கேன் மெஷினின் காந்தம் இழுத்து, அவர் உயிரே போனது. சிலிண்டரை வாசலிலேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? இதையெல்லாம் செய்தியாகப் போட்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரியை அச்சுக்கு அனுப்பும்போது உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூட இது நினைவுக்கு வரவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

டெக்னீஷியன்களின் படிப்பையும் பதிவையும் முறைப்படுத்த 2021-லேயே மத்திய அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. ஆனால் உங்கள் கட்டுரைக்குக் கீழேயே ‘ஆறே மாதத்தில் டயாலிசிஸ் டெக்னீஷியன், வேலை உறுதி’ என்று விளம்பரம் வருகிறது. முன்பு ஒருமுறை, ஒரே கையுறையோடு கட்டில் கட்டிலாகப் போகிறார்கள், நடுவில் கை கழுவுவதில்லை என்று உங்களுக்கு எழுதினேன். கையுறை விஷயத்தை வெட்டிவிட்டு, குடிதண்ணீர் இல்லை என்று நான் எழுதியதை மட்டும் போட்டீர்கள். நானும் இடப்பற்றாக்குறை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். வருகிற ஞாயிறு அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்திலேயே, பிஸ்டுலா கையில் என்னென்ன செய்யக் கூடாது என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தியும் வேண்டும். அதை வெட்டி, இவருடைய மருத்துவ ஃபைலின் முன்பக்கத்தில் ஒட்டிவைக்கப் போகிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
விருதுநகர் மாவட்டம்