கயலுக்கு, அந்த டியூட்டர் வேலை பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. சாயங்காலம் செண்பகவல்லி அம்மன் கோயில் வரை நடந்துபோய் வருகிறார்.

போன தடவை பேசும்போது அந்த வேலை விஷயத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டாய். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் வீரர்களுக்குக் கணக்கும் புள்ளியியலும் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள், கேட்டால் கிடைக்கும் என்றாய். அப்புறம், "ஸ்டாட்டிஸ்டிக்ஸில் எம்.எஸ். படிக்க வந்துவிட்டு, பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களுக்குச் சதவீதக் கணக்கு போட்டுக் காட்டவா?" என்றும் கேட்டாய். வாழ்நாளெல்லாம் பி.டி. டீச்சராக இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? போனில் பதில் சொன்னால் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். அந்த வேலைக்குப் போ, கயல்.

உனக்கு அங்கே இடம் கிடைத்ததிலிருந்து உன் யு.எம்.பி.சி.யை, அதாவது பால்டிமோர் பக்கத்திலிருக்கும் அந்த மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் விடாமல் படித்துவருகிறேன். 1966இல் தொடங்கிய இடம். மொத்தம் சுமார் 14 ஆயிரம் மாணவர்கள். அமெரிக்காவில் பல்கலைக்கழகம் என்றாலே நினைவுக்கு வரும் அந்த அமெரிக்க ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, கையில் பந்தோடு ஓடுவது) அணி யு.எம்.பி.சி.யில் கிடையவே கிடையாது. ரொம்ப காலம் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது சதுரங்கம். உதவித்தொகை கொடுத்துச் சதுரங்க வீரர்களைச் சேர்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான இறுதிப்போட்டியை ஆறு முறை வென்றார்கள். 1992லிருந்து 2022 வரை தலைவராக இருந்த ஃப்ரீமேன் ராபவ்ஸ்கி கணிதம் படித்தவர். பன்னிரண்டு வயதில், 1963இல், அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாமில் குழந்தைகள் நடத்திய சிவில் உரிமை ஊர்வலத்தில் போய்க் கைதானவர். 1988இல் அவரும் சேர்ந்து தொடங்கிய மேயர்ஹாஃப் என்ற அறிவியல் உதவித்தொகைத் திட்டத்தில் படித்தவர்தான் கொரோனா தடுப்பூசி ஆய்வில் பெயர் பெற்ற கிஸ்மேகியா கார்பெட். படிப்பை முன்னால் வைத்து வளர்ந்த இடம் அது. அங்கே விளையாட்டுத் துறை டியூட்டர் தேடுகிறது என்றால், அதை நீ கேலியாகப் பார்க்கக் கூடாது.

உங்கள் ஆண்கள் பாஸ்கெட்பால் அணியின் 2018 மார்ச் 16ஆம் தேதி ஆட்டத்தைப் பற்றி நீ கட்டாயம் கேள்விப்பட்டிருப்பாய். வளாகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஆனால் அதற்கு முந்தின கதையை யாரும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2015-16 சீசனில் அந்த அணி 7 ஆட்டம்தான் ஜெயித்தது, 25 தோற்றது. அடுத்து ரயன் ஓடம் பயிற்சியாளராக வந்தார். நிலைமை மாறியது, ஆனால் ஒரேயடியாக இல்லை. 2018 ஜனவரியில்கூட ஆல்பனி பல்கலைக்கழக அணியிடம் 83-39 என்று தோற்றார்கள். 44 புள்ளி வித்தியாசம்! நம் ஊர்ப் பள்ளிகளில் ஓர் அணி இப்படித் தோற்றால் மறுநாள் பயிற்சிக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள். இவர்கள் வந்திருக்கிறார்கள். மார்ச்சில் லீக் இறுதிப்போட்டி, எதிரணி வெர்மான்ட். அந்த அணியிடம் அதற்கு முன் வரிசையாக 23 ஆட்டம் தோற்றிருந்தார்கள். கடைசி நொடியில் ஜைரஸ் லைல்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே போனது. 65-62.

அப்படித்தான் தேசியப் போட்டிக்குள் நுழைந்தார்கள். அந்தப் போட்டியில் ஒவ்வொரு பிரிவிலும் அணிகளை 1 முதல் 16 வரை வரிசைப்படுத்துவார்கள். முதல் சுற்றில் ஒன்றாம் இடத்து அணிக்குப் பதினாறாம் இடத்து அணி எதிரி. ஆண்கள் போட்டியில் அதுவரை 135 தடவை அந்த ஆட்டம் நடந்திருக்கிறது, 135 தடவையும் ஒன்றாம் இடமே ஜெயித்திருக்கிறது. அன்று சார்லட் நகரத்தில் வர்ஜீனியா பல்கலைக்கழக அணியுடன் மோதினார்கள். நாட்டிலேயே முதலிடம் என்று கணிக்கப்பட்ட அணி அது. பாதி ஆட்டத்தில் 21-21. முடிவில் 74-54 என்று இவர்கள் ஜெயித்துவிட்டார்கள். லைல்ஸ் மட்டும் 28 புள்ளி. அணியில் கே.ஜே. மௌரா என்று ஒரு பையன், உயரம் ஐந்தடி எட்டங்குலம். ஏறக்குறைய நம் மாமா உயரம். அந்த உயரத்தோடு வர்ஜீனியாவின் நெடியவர்கள் நடுவே பந்தைக் கொண்டுபோனான். இரண்டு நாள் கழித்து கேன்சஸ் ஸ்டேட்டிடம் 50-43 என்று தோற்றுத் திரும்பினார்கள். அந்த ஓடம்தான் 2025இலிருந்து வர்ஜீனியாவுக்கே பயிற்சியாளர். அவர் அப்பா அங்கே துணைப் பயிற்சியாளராக இருந்த காலத்தில், சின்னப் பையனாக அந்த அணிக்குப் பந்து எடுத்துக் கொடுத்தவர் அவர். இதைப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

சரி, நான் சொல்ல வந்தது அந்த ராத்திரியைப் பற்றி இல்லை. உன் மேசைக்கு எதிரே வந்து உட்காரப்போகிறவர்களில் பெரும்பாலானோர் தொலைக்காட்சியில் வராதவர்கள். நீச்சல், தடகளம், சாஃப்ட்பால், வாலிபால், கால்பந்து, வலை கட்டிய கோலால் பந்து எறியும் லக்ராஸ் ஆடும் பிள்ளைகள். 2014இல் கால்பந்து அணி நாட்டின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்ததே, அது உனக்குத் தெரியுமா? அங்கேயும் எதிரே வர்ஜீனியாதான், 1-0 என்று தோற்றார்கள். அந்த அணிகளில் நிறையப் பேருக்கு முழு உதவித்தொகை கிடையாது. இருப்பதைப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர் ஆகப்போவதில்லை என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியும். அவர்களுக்கு மிஞ்சப்போவது அந்தப் பட்டம் ஒன்றுதான்.

அந்தப் பட்டத்துக்கு அவர்கள் படும் பாட்டைப் பார். சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி இருக்கிறது. பார்க்க நியாயமான விதிதான். ஆனால் பயண நேரம் அந்த 20க்குள் வராது. காயத்துக்குச் சிகிச்சை எடுக்கிற நேரமும் வராது. உங்கள் லீகில் மெய்ன் இருக்கிறது, வெர்மான்ட் இருக்கிறது. மேப்பைத் திறந்து பால்டிமோரிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார். வியாழக்கிழமை கிளம்பிப்போய், ஆடிவிட்டு, ஞாயிறு ராத்திரி திரும்பும் பிள்ளை திங்கள் காலை வகுப்பில் எப்படி உட்கார்ந்திருக்கும்? இதற்கு மேல் இன்னொரு விதி: இரண்டாம் வருஷ முடிவுக்குள் பட்டத்துக்கு வேண்டியதில் 40 சதவீதம், மூன்றாம் வருஷ முடிவுக்குள் 60, நான்காம் வருஷ முடிவுக்குள் 80 முடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆட முடியாது. நீ கேலி செய்த அந்தச் சதவீதக் கணக்கில்தான் அவர்கள் வாழ்க்கையே ஓடுகிறது.

எங்கள் பள்ளி ஹாக்கி அணியில் ஒரு பிள்ளை இருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? லெஃப்ட் எக்ஸ்ட்ரீம் ஆடுவாள். நீ அவளுக்குப் பயந்து என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாய். மண்டலப் போட்டி, மாநிலப் போட்டி என்று பள்ளிக்காக ஊர் ஊராகப் போய்வந்தாள். கோப்பை வரும்போது மேடையில் எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அவள் ஊரில் இல்லாத நாட்களில் வகுப்பில் முக்கோணவியல் நடத்தி முடித்துவிட்டார்கள். திரும்பி வந்தவளுக்கு அதை மறுபடி சொல்லித்தர ஆள் இல்லை. காலைப் பயிற்சி முடிந்து வந்து கண் சொக்கினால் கடைசி பெஞ்சு. கடைசியில் கணக்கில் போய்விட்டது. "ஹாக்கிதானே, படிப்பு எப்படி ஏறும்" என்று ஆசிரியர் அறையில் பேசினார்கள். அவளுக்கு மூளை இல்லாமல் போகவில்லை, கயல். பள்ளிக்காக ஆடப்போன நாட்களின் பாடத்தைப் பள்ளி அவளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. உன் பல்கலைக்கழகம் அதைத் திருப்பிக் கொடுக்க ஓர் ஆளுக்குச் சம்பளம் தருகிறது. அந்த ஆளாக நீ இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய வேலை தெரியவில்லை.

பணத்தைப் பற்றி நீ சொன்னது வேறு. இயற்பியல் படிக்கிற பிள்ளையும் விளையாட்டுக் கட்டணம் கட்டுகிறது, இது என்ன நியாயம் என்றாய். அதில் நியாயம் இருக்கிறது. தொலைக்காட்சிப் பணம் கோடிகோடியாகப் போய்ச் சேருவது பெரிய லீகுகளுக்கு. உங்களைப் போன்ற நடுத்தரப் பல்கலைக்கழகங்களில் மாணவர் கட்டணமும் பல்கலைக்கழகப் பணமும் இல்லாமல் விளையாட்டுத் துறை ஓடாது. தேசியப் போட்டியில் ஜெயித்தால் வரும் பணம்கூட நேரே அணியின் கைக்கு வராது. லீகுக்குப் போய், ஆறு வருஷத் தவணையில் வரும். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு வழக்குச் சமரசத்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிவிட்டது. ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதல் வருஷத்திலேயே 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை நேரடியாகக் கொடுக்கலாம் என்றார்களாம். அவ்வளவு பணத்துக்கு உங்கள் இடம் எங்கே போகும்? நன்றாக ஆடும் பிள்ளையைப் பெரிய இடம் கொத்திக்கொண்டு போய்விடும். இப்போது மாறிப்போவதும் சுலபம். இன்று உன்னிடம் படிக்கிறவன் அடுத்த வருஷம் வேறு ஊரில் இருப்பான், படித்த பாடங்களில் சிலதைப் புது இடம் ஏற்றுக்கொள்ளாமல் தவிப்பான். கட்டணம் குறைய வேண்டும் என்று மாணவர் பேரவையில் பேசு, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை நீச்சல் குளத்திலிருந்து ஈரத்தலையோடு வருகிற பிள்ளை மேல் காட்டாதே.

வேலையில் சேர்ந்தால் இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இரு.

சொல்லிக் கொடு, எழுதிக் கொடுக்காதே. எவ்வளவு கெஞ்சினாலும், அன்றைக்கு ராத்திரிக்குள் சமர்ப்பிக்க வேண்டும் என்றாலும் பேனாவை வாங்காதே. மிசோரி பல்கலைக்கழகத்தில் ஒரு டியூட்டர் 12 வீரர்களுக்குப் பாடத்தைத் தானே முடித்துக் கொடுத்திருக்கிறார், கணக்குப் பாடங்கள்தான் அதில் அதிகம். 2019 ஜனவரியில் தண்டனை வந்தது. ஃபுட்பால், பேஸ்பால், சாஃப்ட்பால் மூன்று அணிகளுக்கும் சீசன் முடிவுப் போட்டிகளில் ஆடத் தடை. ஒன்றுமே அறியாத பிள்ளைகள்தான் உட்கார வேண்டியதாயிற்று. உனக்கு விசாவும் இருக்கிறது, அதையும் நினைத்துக்கொள்.

இன்னொன்றை எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். உன் பல்கலைக்கழகத்தின் நீச்சல் அணியில் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஒருவர் பல வருஷம் மாணவர்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதையும், பல்கலைக்கழகம் அவர்களைக் காப்பாற்றத் தவறியதையும் அமெரிக்க நீதித்துறை 2024இல் எழுத்திலேயே சொல்லியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் கையில் ஒரு பிள்ளையின் இடம், உதவித்தொகை, எதிர்காலம் எல்லாம் இருக்கிறது. அதனால் வாய் திறக்காது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவள் என்பதால் அதன் பலம் எனக்குத் தெரியும். மைதானத்துக்கும் விடுதிக்கும் வெளியே அந்தப் பிள்ளைகள் நிம்மதியாக உட்காரும் இடம் உன் மேசையாக இருக்கலாம். ஒரு பிள்ளை திடீரென்று பயிற்சிக்குப் போகப் பயந்தாலோ, ஏதாவது சொல்ல வந்து நிறுத்தினாலோ, பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேள். கேட்டதை உன்னோடு வைத்துக்கொள்ளாதே. இதற்கென்றே அங்கே அலுவலகம் இருக்கிறது, அன்றைக்கே போய்ச் சொல். வேலை போய்விடுமோ என்று யோசிக்காதே. போனால் போகட்டும், அப்பாவும் நானும் இருக்கிறோம்.

உன் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்றாய். அவர்களுக்கும் 20 மணி நேரம்தான் விதி. உனக்காவது நடந்துபோகும் தூரம், அவர்களுக்குப் பஸ் பயணம் தனி. அதனால் நேரம் கேட்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடு. ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வர முடியும் என்று ஒரு பிள்ளை சொன்னால் சரி என்று சொல். ஆனால் திரும்பும்போது தனியாக நடக்காதே, கூட யாராவது இருக்கட்டும்.

சேர்ந்ததும் முதலில் யார் வந்தார்கள், எந்த அணி, எங்கே தடுக்கிறது என்று எனக்கு எழுது. தடை ஓட்டம் ஓடுகிற பிள்ளை யாராவது வந்தால், குளிர்காலத்தில் எப்படிப் பயிற்சி எடுக்கிறார்கள் என்று கேட்டுச் சொல். பேஸ்கட்பால் ஆட்டத்துக்கு ஒரு தடவை போய்ப் பார். பெண்கள் அணி ஆட்டத்துக்கும் போ, அங்கே கைதட்ட ஆள் குறைவாக இருக்கும்.

நேர்முகம் வெள்ளிக்கிழமை என்றுதானே சொன்னாய்? முடிந்ததும் போன் பண்ணு, இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா