மூன்று வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் ஒரே பெல்ட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

14 வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு இப்படிச் சொல்கிறது. அபராதம் சரிதான். ஆனால், மூன்று வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களுக்கான பெல்ட்டை மாட்டிவிட்டாலே இந்தப் பிரிவின்படி கடமை தீர்ந்துவிடுகிறது. கோளாறு அங்கேதான்.

அந்தப் பெல்ட் வளர்ந்தவர் உடம்புக்கு அளவெடுத்தது. சிறு குழந்தைக்கு அதன் மேல்பட்டை கழுத்தை அறுக்கும்; கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றுக்கு ஏறிவிடும். மோதினால் விசை முழுவதும் குடலிலும் முதுகுத்தண்டிலும் இறங்கும். கழுத்தில் உறுத்துகிறதே என்று மேல்பட்டையைக் கக்கத்துக்கு அடியில் விடுவது இன்னும் மோசம். மடியில் வைத்துக்கொள்வதோ எல்லாவற்றையும்விடக் கேடு: 50 கி.மீ. வேகத்தில் வந்த கார் பத்தில் ஒரு நொடியில் நின்றுபோனால், 10 கிலோ குழந்தை ஏறக்குறைய 140 கிலோ பாரமாகக் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும்.

இருசக்கர வாகனத்துக்கு 2022 பிப்ரவரியில் வந்த மத்திய விதி எவ்வளவோ தெளிவு: 9 மாதம் முதல் 4 வயது வரை, 30 கிலோ தாங்கும் பாதுகாப்பு வார், தலைக்கவசம், 40 கி.மீ.க்கு மிகாத வேகம். 194-பி பிரிவிலோ உயரம், எடை என்ற பேச்சே இல்லை. பிரிட்டனில் 12 வயது அல்லது 135 செ.மீ. உயரம், எது முந்துகிறதோ அதுவரை குழந்தை இருக்கை கட்டாயம்.

இருக்கை வாங்கியவர்களும் பொருத்தும்போது தவறுகிறார்கள். குழந்தை காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும் பின்னோக்கிய இருக்கையை ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிந்து, குழந்தையின் தலை சாய்ந்திருக்கும் இடத்திலேயே அறையும். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசைத்தால் இருக்கை ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது. தோள் வார், பின்னோக்கிய இருக்கையில் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழோ, முன்னோக்கியதில் தோள் மட்டத்திலோ சற்று மேலோ தொடங்க வேண்டும். வாரை விரலால் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது. முன்னோக்கிய இருக்கையின் உச்சியைக் காரோடு பிணைக்கும் மேல்வாரைப் பலர் மாட்டாமலேயே விட்டுவிடுகிறார்கள். மோதலில் குழந்தையின் தலை முன்சீட்டு வரை பாய்வதைத் தடுப்பது அந்த வார்தான்.

உயர வரம்பை மத்திய அரசு விதியில் சேர்க்க வேண்டும். அது வரும் வரை, ஷோரூம்காரர்கள் காரை ஒப்படைக்கும்போது குழந்தை இருக்கையைக் காரோடு நேரடியாகப் பிணைக்க உதவும் ஐசோஃபிக்ஸ் வளையங்களையாவது தொட்டுக் காட்டலாம். பல கார்களில் அவை பின்சீட்டு இடுக்கில் மறைந்திருக்கின்றன.

சாலைப் பாதுகாப்புப் பயிற்றுநர்,
கோவை