ஐந்து மணிக்கு இருட்டும் ஊரில் ஐந்தரைக்கு நகர் உலா

மாநாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். போன டிசம்பரில் கொல்கத்தாவில் நீங்கள் நடத்திய மூன்று நாள் நூலகர் மாநாட்டுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் நானும் ஒருவன். கல்லூரி நூலகர். முப்பது வருஷ சர்வீஸில் கொல்கத்தாவைப் பார்க்க வாய்த்தது அதுதான் முதல் தடவை. சாப்பாடு, தங்குமிடம், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போனது எதிலும் குறை இல்லை. ரசகுல்லாவில் நீங்கள் காட்டிய தாராளம் என் சர்க்கரை அளவில் இன்னும் தெரிகிறது. இந்த மடல் நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரே ஒரு வரியைப் பற்றி.

மூன்றாம் நாள், மாலை 5.30: நகர் உலா.

நிறைவு விழா இழுத்துக்கொண்டே போனதில் பஸ் கிளம்பும்போது மணி ஆறேகால். கொல்கத்தாவில் டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே போய்விடுகிறது. நம் நாட்டுக் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. கொல்கத்தாவோ 88 பாகையையும் தாண்டிக் கிழக்கே கிடக்கிறது. அதனால் அங்கே பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாய்கிறது. சென்னையில் அதே நாளில் ஐந்தே முக்கால் ஆனாலும் வெளிச்சம் இருக்கும். வெளியூர்க்காரனான எனக்கு இது தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. நிரலை எழுதியவர்களுக்குமா தெரியாது?

"இடது பக்கம் விக்டோரியா மெமோரியல்" என்று முன் சீட்டிலிருந்து ஒருவர் சொன்னார். நாற்பது தலைகள் இடது பக்கம் திரும்பின. பஸ்ஸுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன.

நான் அதற்குள் கொஞ்சம் ஊர் பார்த்திருந்தேன். எப்படி என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் நாள் முழுதும் நியூ டவுனில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளேயே கழிந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, மேடையில் பதினொரு பேர். வெளியே வந்தால் அகலமான சாலை, அடுக்குமாடிகள், இருட்டு. இதற்கு நான் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து வந்திருக்க வேண்டியதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் இறங்கியிருந்தாலே போதும். அதனால் மறுநாள் விடியும் முன் எழுந்து ஒரு வாடகைக் காரில் ஹவுரா பாலத்தடிக்குப் போனேன்.

பாலத்தின் கிழக்கு முனையில், ஆற்றை ஒட்டி மல்லிக் காட் பூச்சந்தை. கோயம்பேடு பூ மார்க்கெட்டைப் பார்த்தவன்தான் நான். இருந்தாலும், ஆள் உயரத்துக்குச் சுற்றிய செவ்வந்திச் சரங்களைத் தோளிலும் தலையிலும் போட்டுக்கொண்டு ஓடும் கூட்டத்தில் நிற்க இடமில்லாமல் சுழன்றது தனி அனுபவம். ஓரமாக ஒதுங்கித் தலையைத் தூக்கினால் பாலம். 1943இல் திறந்தது. 1965இல் தாகூர் நினைவாக ரவீந்திர சேது என்று பெயர் மாற்றியும் ஹவுரா பாலம் என்றால்தான் டிரைவருக்குப் புரிகிறது. நடு ஆற்றில் ஒரு தூண்கூட இல்லை. நட்டு போல்ட்டும் இல்லை, முழுக்க ரிவெட் அடித்துச் சேர்த்த இரும்பு. மண் குவளையில் டீ குடித்தேன். குடித்ததும் குவளையைத் தூக்கிப் போடச் சொன்னார் கடைக்காரர். மனசு வராமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஊருக்கு வருவதற்குள் உடைந்துவிட்டது.

அக்கரைக்குப் படகில் போய், ஹவுராவிலிருந்து ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோவைப் பிடித்து செக்டர் ஃபைவ் வந்து, அங்கிருந்து ஆட்டோவில் அறைக்குத் திரும்பினேன். குளித்துவிட்டு வந்தபோதும் காலை அமர்வு தொடங்கியிருக்கவில்லை.

அப்புறம் செய்ததுதான் தப்பு. பதினோரு மணி அமர்வைப் பங்க் அடித்துவிட்டுக் காலேஜ் ஸ்ட்ரீட் போனேன். அந்த வட்டாரத்தை அவர்கள் அழைக்கும் பெயரின் அர்த்தம் புத்தகப் பேட்டை. புத்தகத்துக்கு வங்காளத்தில் சொல்லும் வார்த்தையைத் தமிழில் எழுதினால் 'பொய்' என்று வரும். முப்பது வருஷமாக நான் பொய்களை அடுக்கிவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றுதான் தெரிந்தது. தகரமும் மரப்பலகையுமாய் நடைபாதை நெடுகக் கடைகள். ஒருவரிடம் இந்திய நூலகவியலின் தந்தை என்று நாங்கள் சொல்லும் ரங்கநாதன் எழுதியது ஏதாவது பழைய பதிப்பு உண்டா என்று கேட்டேன். அவர் எதையும் தேடவில்லை. நாலு கடை தள்ளி யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். ஐந்து நிமிஷத்தில், நூலகப் புத்தகங்களை வகைபிரிக்க ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்புமுறையின் ஒரு பழைய பிரதி, அட்டை இல்லாமல், கைக்கு வந்தது. அந்த நேரம் மாநாட்டில் நடந்துகொண்டிருந்த அமர்வின் தலைப்பு 'தகவல் மீட்டெடுப்பில் செயற்கை நுண்ணறிவு'.

பக்கத்துச் சந்தில் மாடியேறி காபி ஹவுஸில் உட்கார்ந்து அதைப் புரட்டினேன். இன்ஃப்யூஷன் என்று பால் இல்லாமல் ஒன்று தருகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து நாக்குக்கு அது காபி கணக்கில் சேராது. ஆனால் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பவில்லை.

இதெல்லாம் சுற்றுலாதானே, அரசாங்கச் செலவில் ஊர் சுற்ற வந்தாயா என்று நீங்கள் கேட்கலாம். சரி, கேளுங்கள். தேசிய நூலகம் இருக்கும் ஊரில் நாட்டின் நூலகர்களைக் கூட்டினீர்கள். சீர்காழியில் அச்சாகும் புத்தகமானாலும், 1954ஆம் வருஷத்துச் சட்டப்படி சென்னை கன்னிமாராவுக்கு ஒரு பிரதி போவதுபோல அலிப்பூரில் இருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஒரு பிரதி போக வேண்டும். அங்கே தமிழுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. மூன்று நாளில் ஒரு மணி நேரம்கூட அதற்கு ஒதுக்கவில்லை. இரவு ரயிலுக்குக் காத்திருந்த திங்கட்கிழமையில் நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். அன்று மதியமே ஊர் திரும்பியவர்கள் பார்க்காமலேயே போனார்கள். மேடையேறிய எல்லோரும் ரங்கநாதனின் ஐந்து விதிகளைச் சொன்னார்கள், 1931இல் எழுதியவை. அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகரின் நேரத்துக்கு விதி எழுத அவருக்குத் தோன்றவில்லை போலும்.

இலவச நேரம் கொடுத்தால் அமர்வுகள் காலியாகிவிடும் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறது. அதனால்தான் சான்றிதழை நிறைவு விழா முடியும்வரை கையில் பிடித்து வைத்துக்கொள்கிறீர்கள். ஆனால் என்னைப்போல் நழுவுகிறவர்கள் எப்படியும் நழுவத்தான் செய்வார்கள். மாட்டிக்கொள்வது மற்றவர்கள். சேலத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் நூலகரிடம் பூச்சந்தைப் படங்களைக் காட்டினேன். "கூட வர ஆள் இருந்தா நானும் வந்திருப்பேன் சார்" என்றார். மொழி தெரியாத ஊரில், விடிவதற்கு முன், முன்பின் தெரியாத டிரைவரோடு தனியாகப் போக ஆணாக இருந்ததால் எனக்கு யோசனையே வரவில்லை. வெளியே போக நேரம் இல்லை என்று நிரல் சொன்னாலும் எனக்குக் கிடைத்துவிட்டது, அவருக்குக் கிடைக்கவில்லை. நீங்களே நாலைந்து உள்ளூர் நூலகர்களைக் கூட அனுப்பியிருந்தால் அவர் தைரியமாக வந்திருப்பார். பெரிய பஸ்கூட வேண்டாம், பத்துப் பேராகப் பிரிந்து மெட்ரோவிலேயே போயிருப்போம்.

ஒரு நாள் காலை அமர்வைப் பத்தரைக்கு வையுங்கள். எப்படியும் அந்த நேரத்துக்குத்தான் தொடங்குகிறீர்கள். ஒரு நாள் மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள், ஆனால் அது ஞாயிற்றுக்கிழமையாக வேண்டாம். காலேஜ் ஸ்ட்ரீட்டில் ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்று அந்தப் புத்தகக் கடைக்காரர் சொன்னார். இப்படி எந்த நாளில் எது திறந்திருக்கும் என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு அப்புறம் நிரல் போடுங்கள்.

அடுத்த மாநாடு, அதே டிசம்பரில், குவாஹாட்டியில் என்று அறிவித்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி, நான் வருகிறேன். போன வாரம் அனுப்பிய வரைவு நிரலையும் பார்த்தேன். இரண்டாம் நாள், மாலை 5.30: பிரம்மபுத்திராவில் சூரிய அஸ்தமனப் படகு உலா என்று இருக்கிறது. குவாஹாட்டி கொல்கத்தாவைவிடவும் கிழக்கே இருக்கிறது. அங்கே அந்த மாதத்தில் சூரியன் மறைவது நாலரை மணிக்கு. அச்சுக்குக் கொடுக்கும் முன் அந்த வரியை மட்டுமாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பதினோரு மணி அமர்வில் இல்லாத நூலகர்