திரும்ப எடுக்க முடியுமா என்று பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பருவமழைக்கு முன் வெளியாகும் முன்னெச்சரிக்கைக் குறிப்புகளில் டார்ச், குடிநீர், மருந்து, பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு என எல்லாம் இருக்கின்றன. கணினிக் கோப்புகளுக்கு ஒரு வரியாவது ஒதுக்க வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் நடந்ததுபோல் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்தால், கணினியும் அதே மேசை இழுப்பறையில் கிடக்கும் பேக்கப் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனையும். திருட வருபவரும் இரண்டையும் சேர்த்தேதான் எடுத்துப் போவார்.

எனவே ஒரு நகல் வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். எந்த வழி நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மாதக் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். போட்டு வைத்ததை எத்தனை நாளில், என்ன செலவில் திரும்ப எடுக்கலாம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"கூகுள் டிரைவில்தான் எல்லாம் இருக்கிறதே" என்பது வழக்கமான பதில். கணினியில் நிறுவும் டிரைவ், ஒன்டிரைவ் செயலிகள் செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தது அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். ஏப்ரலில் கைதவறி அழித்த கல்யாணப் படங்களைத் தீபாவளிக்கு யாராவது கேட்கும்போதுதானே தேடுவோம்! கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரல் பூட்டிய கோப்புகளும் அதே வழியில் மேலே ஏறிவிடும். பழைய பதிப்புகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கும் சேவையைத்தான் பேக்கப் என்று எடுத்துக்கொள்ளலாம். கூகுளின் இலவச 15 ஜிபி, ஜிமெயிலுக்கும் படங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதையும், 2 ஆண்டுகள் தொடாத கணக்கை அந்நிறுவனம் நீக்கிவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மலிவான சேமிப்பிலும் ஒரு பொறி உண்டு. அமேசானின் நீண்டகாலச் சேமிப்புச் சேவையான கிளேசியர் டீப் ஆர்கைவில் வைப்பதற்கு வாடகை மிகக் குறைவு. ஆனால் கேட்டவுடன் கோப்பு வராது. வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை, மலிவு முறையில் 48 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். வெளியே எடுக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் கட்டணம். 180 நாளுக்கு முன்பே அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு.

அடுத்தது இணைய வேகம். 500 ஜிபியை நொடிக்கு 20 மெகாபிட் பதிவேற்ற வேகத்தில் அனுப்ப, இடைவிடாமல் ஓடினாலும் சுமார் 56 மணி நேரம் ஆகும். நாளுக்கு 2 ஜிபி தரும் மொபைல் திட்டத்தை மட்டும் நம்பினால் 250 நாள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பதிவிறக்க வேகத்தை, நமக்கு வேண்டியது பதிவேற்ற வேகம்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டால், படமும் வீடியோவுமாக 500 ஜிபி வைத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டு 2 டிபி ஹார்டு டிஸ்க்குகளே சிக்கனமான வழி. ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று உறவினர் வீட்டில். அந்த வீடு அடுத்த தெருவில் இருந்தால் பயனில்லை, வேறு ஊரோ மேடான பகுதியோ நல்லது. 3 மாதத்துக்கு ஒருமுறை வீட்டில் இருப்பதில் புது நகல் எடுத்து, அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழையதைக் கொண்டு வர வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். "இரண்டிலும் சேர்த்தே காப்பி செய்துவிடலாம்" என்று இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவார்கள், பிறகு இரண்டும் வீட்டிலேயே தங்கிவிடும். டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் ஜிப் பையில் போட்டு பீரோவில் வைக்கலாம். வெயில் காயும் பரண் ஆகாது. பென்டிரைவ் வேண்டவே வேண்டாம். மின்சாரம் படாமல் நெடுநாள் கிடந்தால் அதன் சிப்பில் உள்ள மின்னூட்டம் கசிந்து தரவு கெடலாம்.

வெளியே போகும் டிஸ்க் கட்டாயம் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸ் புரோ என்றால் அதிலேயே உள்ள பிட்லாக்கர், ஹோம் பதிப்பு என்றால் வெராகிரிப்ட் என்ற இலவச நிரல். பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எடுத்து, டிஸ்க் இருக்கும் பையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். வெராகிரிப்டில் கடவுச்சொல் மறந்தால் மீட்க வழியே இல்லை.

பத்திரம், சான்றிதழ், கணக்கு என சில ஜிபி அளவே உள்ளவற்றை மட்டும் ரெஸ்டிக் போன்ற பேக்கப் நிரலால் பூட்டி, கூடுதலாக மேகச் சேமிப்பிலும் (இணையவழி கிளவுட்) போடலாம். அதையே ஒரே நகலாக நம்ப வேண்டாம். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பற்றியபோது, அரசு ஊழியர்களின் 'ஜி-டிரைவ்' என்ற மேகச் சேமிப்பில் இருந்த 858 டெராபைட் கோப்புகள் வெளி நகல் இல்லாமல் அழிந்தன. வெள்ளத்தில் கைபேசியும் போய்விட்டால் ஓடிபி வராது என்பதையும் யோசிக்க வேண்டும். ஓடிபிக்குப் பதிலாகப் பயன்படுத்த கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு உறவினரிடம் கொடுத்து வைப்பது இதற்காகத்தான்.

ஆண்டுக்கு இருமுறை, டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி இருபது கோப்புகளையாவது திறந்து பாருங்கள். சொந்தக் கணினியில் சோதித்தால் அது கடவுச்சொல்லைத் தானே நினைவில் வைத்துத் திறந்துவிடக்கூடும், உங்களுக்கு அது நினைவில் இருக்கிறதா என்பது தெரியாது. 'டி' டிரைவ் நகலில் வந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். பல பேக்கப் நிரல்கள் தாமாகத் தேர்ந்தெடுப்பது டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் அடைவுகளை மட்டுமே. நம் வீடுகளில் படங்கள் கிடப்பதோ பெரும்பாலும் 'டி'யில்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் துறையில் பணிபுரியும் வாசகர்,
திருச்சி