வெறிநாய் நோயும் கடல்நாயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பகுதியில் சீல் என்னும் கடல் பாலூட்டிகளிடையே பரவியுள்ள ரேபிஸ் நோயைப் பற்றிச் சென்ற இதழில் வெளியிட்டிருந்த செய்தியில், தலைப்பிலும் உள்ளேயும் அந்நோய் 'வெறிநாய்க்கடி' என்றே குறிக்கப்பட்டிருந்தது. செய்தியில் பிழை இல்லை. பெயரைப் பற்றியதே என் முறையீடு. நாய் கடித்து வருவது என்ற பொருளைத் தனக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கும் ஒரு சொல்லால், நாய்க்குத் தொடர்பே இல்லாமல் கடலில் பரவும் நோயை எழுதினால், படிப்பவர் நாயைத்தான் தேடுவார். எதிரே கிடக்கும் சீலிடமிருந்து விலக மாட்டார்.

இதை நான் கண்ணால் கண்டேன். கடந்த குளிர்காலத்தில், மத்தி மீன் கூட்டம் நம் கரையை ஒட்டி வந்த நாள்களில், குடும்பத்தோடு டர்பனுக்குத் தெற்கே உள்ள ஸ்காட்பர்க் கடற்கரைக்குப் போயிருந்தோம். பாறையோரம் ஓர் இளம் சீல் படுத்திருந்தது. சுற்றிலும் நம்மவர்கள் இருபது பேர் இருப்பார்கள். ஒருவர் ஐஸ்கிரீம் டப்பாவில் கடல்நீரை மொண்டு மொண்டு அதன் முதுகில் ஊற்றினார். ஒரு சிறுவன் மத்தியை வாலைப் பிடித்து அதன் மூக்குக்கு நேரே ஆட்டிக்கொண்டிருந்தான். என் அண்ணி துண்டை நனைத்துக்கொண்டு போர்த்திவிடக் கிளம்பினார். "அண்ணி, கடித்தால் ரேபிஸ் வரும், தள்ளி வாருங்கள்" என்றேன். "இது என்ன நாயா, வெறி பிடிக்க? பாவம், மூச்சு வாங்குது" என்றார். அவர் வீட்டு நாய்க்குத் தடுப்பூசி போடத் தவறாதவர். இந்த மாகாணத்தில் நாய் வழியாக ரேபிஸ் வந்து குழந்தைகள் இறந்த செய்திகளைப் படித்தவர். ஆனாலும் அவர் மனத்தில் அந்த நோய் நாயோடு கட்டப்பட்டிருந்தது. (சீலுக்கு அகராதி தரும் 'கடல்நாய்' என்ற சொல் நம் வீடுகளில் வழங்கியிருந்தால், ஒருவேளை அந்தப் பெயருக்காகவாவது விலகியிருப்பார்.) சீல் கரையேறி மணிக்கணக்காகப் படுத்திருப்பது அதன் இயல்பு, அதற்கு நீரும் வேண்டாம், துண்டும் வேண்டாம். அன்றைக்கு நீரேற்றம் வந்ததும் அது தானே திரும்பிப் போய்விட்டது.

என் தாத்தா டர்பன் கரையில் இழுவலை இழுத்தவர். அவர் காலத்து மீனவர்களுக்கு சீல் ஒரு மீன் திருடன்; ஒருவரும் அதனருகே போனதில்லை. அந்தப் பகையில் இருந்த இடைவெளி இப்போது பரிவினால் போய்விட்டது.

2024-ஆம் ஆண்டின் நடுவில்தான் கேப் சீல்களில் ரேபிஸ் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. அதற்கு முன்பே சீல்கள் நீந்துவோரையும் அலைச்சறுக்கு வீரர்களையும் துரத்திக் கடித்தன. நச்சுப் பாசியால் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றே அப்போது பலரும் எண்ணினார்கள். பின்னர், சேமித்து வைத்திருந்த பழைய மாதிரிகளைச் சோதித்தபோது 2022 ஆகஸ்டிலேயே நோய் இருந்தது தெரியவந்தது. அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பெயரிடப்படாமலேயே அது கடற்கரையில் உலவியிருக்கிறது. அதற்கு முன் சீல்களில் ரேபிஸ் அறியப்பட்டது 1980-இல் வடதுருவப் பகுதியிலுள்ள ஸ்வால்பார்டு தீவுகளில் ஒரே ஒரு சீலிடம்தான்; ஒரு சீல் கூட்டத்துக்குள்ளேயே ரேபிஸ் நிலைத்துப் பரவுவது உலகில் இதுவே முதல் முறை. கிருமியின் மரபணு, நமீபியாவின் கருமுதுகுக் குள்ளநரிகளிடம் காணப்படும் வகையோடு நெருங்கியது. நமீபியக் கரையில் சீல் குட்டிகளைத் தின்ன வரும் நரிகள் அவைதாம். நமீபியா, அங்கோலா, தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாட்டுக் கரைகளிலுமாக இருபது லட்சம் அளவில் சீல்கள் வாழ்கின்றன. அவை எல்லைகளை அறியா. மத்தி கூட்டத்தின் பின்னால் ஒன்றிரண்டு நம் கரைக்கும் வருவதுண்டு.

'பறவைக் காய்ச்சல்' என்ற பெயரிலும் இதே குறை உண்டு. 2023-இல் கடைகளில் முட்டை கிடைக்காமல் நாம் அலைந்தபோது அதைக் கோழிப்பண்ணைக்காரர்களின் துயரமாகவே பேசிக்கொண்டோம். உண்மையில் காட்டுப் பறவைகளில் இந்நோய்க்குக் காரணமான இன்ஃப்ளூயன்சா கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே இந்நாட்டுக் கரையில்தான்: 1961-இல் ஆயிரத்து முந்நூறு ஆலாப் பறவைகளாவது மடிந்தன. 2021-இல் மேற்குக் கேப் கரையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கேப் நீர்க்காகங்கள் இறந்தன. அதோடு நிற்காமல், 2023-இல் அர்ஜென்டீனாவின் வால்டெஸ் தீபகற்பத்தில், அந்த ஆண்டு பிறந்த யானைச் சீல் குட்டிகளில் பதினேழாயிரத்துக்கும் அதிகமானவை இறந்தன. பறவையின் பெயரைத் தாங்கிய நோய் பாலூட்டிகளின் ஒரு தலைமுறையையே கரையில் கிடத்திவிட்டது. நம் நாட்டுக்கு உரிய மேரியன் தீவிலும் 2024 செப்டம்பரில் இந்நோயின் அறிகுறிகள் தென்பட்டன.

கானெட் என்னும் கடற்பறவை மீன் பிடிக்க எங்கே செங்குத்தாக விழுகிறதோ அங்கே மத்தி இருக்கிறது என்று தாத்தா சொல்வார். அந்த கானெட்டில் ஒன்று மணலில் செத்துக் கிடந்தால் எங்கள் பிள்ளைகள் சிறகுக்காக அதைத் தூக்கி வருகிறார்கள். இரண்டு ஆபத்துகளும் ஒன்றல்ல: ரேபிஸ் பாலூட்டிகளுக்கு மட்டுமே உரியது, எச்சில் வழியாகக் கடியிலும் கீறலிலும் பரவுவது, கானெட்டிடமிருந்து அது வராது. ஆனால் செத்த பறவையைக் கையால் தொடக்கூடாது என்பதற்குப் பறவைக் காய்ச்சல் ஒன்றே போதும்.

ஆகவே, இனி வரும் செய்திகளில் 'ரேபிஸ்' என்றே எழுதும்படி வேண்டுகிறேன். அந்தச் சொல்லை அறியாதவர் இங்கே எவரும் இல்லை. தமிழ்ப் பெயர்தான் வேண்டும் என்றால் நாயை விட்டுவிட்டு 'வெறிநோய்' எனலாம். அதன்கீழ் இரண்டு வரிகள் சேர்த்தால் நலம். சீல் கடித்தாலோ கீறினாலோ புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, காயம் சிறியதாயினும் அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றிய பிறகு அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. கடிபட்டது வீட்டு நாயானால் அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். மத்தி வரும் ஜூன் மாதத்துக்கு முன்பே இதை ஒருமுறை அச்சிட்டால், வாளியோடு கடற்கரைக்குக் கிளம்புவோர் கையில் தங்கள் இதழும் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்