பயிற்சிக்கு வராத கணவரைப் பற்றி

கிராமப்புறப் பெண்களுக்கான பயிற்சித் திட்டங்களை வகுப்பவர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்குபவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் வகுக்கும் திட்டங்களைக் கிராமத்தில் நடத்திக்காட்டும் பயிற்றுநர்களில் நானும் ஒருத்தி. சேமிப்பு, கடன், வரவு செலவுக் கணக்கு, சிறுதொழில் எனப் பல ஆண்டுகளாகப் பெண்களுக்குக் கற்றுத் தந்திருக்கிறேன். ஒருமுறை வகுப்பு முடிந்ததும், குடும்ப வரவு செலவுத் தாளைப் பிழையில்லாமல் நிரப்பியிருந்த ஒரு பெண் அதை என்னிடமே திருப்பித் தந்தார். "இது உங்களிடமே இருக்கட்டும் அம்மா. விளைச்சலை விற்று எவ்வளவு வந்தது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டீர்களே என்று ஒரு தொகையை எழுதினேன்" என்றார். அன்றைய அறிக்கையில் அவரையும் 'பயிற்சி பெற்றவர்' என்றே கணக்கில் சேர்த்தேன். அந்தக் கணக்கு உங்கள் மேசைக்கும் வந்திருக்கும்.

அந்தத் தாள் இன்றுவரை என்னை உறுத்துகிறது. வீட்டின் வருமானம் எவ்வளவு என்றே சொல்லப்படாத ஒருவருக்கு வரவு செலவுத் திட்டம் போடக் கற்றுக்கொடுத்தோம். அவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை, கணக்கு அவர் கைக்கு வரவில்லை. அதை வைத்திருந்த மனிதர் அந்த வகுப்பில் இல்லை, அவரை நாம் அழைக்கவும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். குடும்பத்தின் வரவு செலவையும் வேலையையும் திட்டமிடும் பயிற்சியைப் பெண்ணுக்கு மட்டும் தராதீர்கள். அவரோடு சேர்ந்து உழைப்பவரையும், அவர் பெயரில் முடிவெடுப்பவரையும் அழையுங்கள். பாலினச் சமத்துவத்தைக் கடைசி நாள் பிற்பகலில் ஒரு மணி நேர உரையாக ஒட்டவைக்காமல், திட்டமிடலின் முதல் பாடமாக வையுங்கள்.

குடும்பம் என்றால் ஒரே பணப்பை, ஒரே விருப்பம் என்று நம் படிவங்கள் நினைத்துக்கொள்கின்றன. பொருளியலாளர் கிறிஸ்டோபர் உட்ரி 1996-ல் வெளியிட்ட ஆய்வு மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவின் விவசாயக் குடும்பங்களைப் பற்றியது. ஒரே வீடு, ஒரே பயிர், ஒரே ஆண்டு. அப்படியிருந்தும் மனைவியின் நிலத்தில் விளைச்சல் கணவனின் நிலத்தைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. ஆள்பலமும் உரமும் கணவனின் நிலத்துக்கே போய்க்கொண்டிருந்தன. புதிதாக ஒரு காசு செலவழிக்காமல், இருப்பதை இரண்டு நிலங்களுக்கும் சரியாகப் பங்கிட்டிருந்தாலே வீட்டின் மொத்த விளைச்சல் கூடியிருக்கும். அந்தப் பெண்ணுக்கு நூறு நாள் விவசாயப் பயிற்சி தந்தாலும் உரம் அவர் நிலத்துக்கு வந்திருக்காது.

இருவரும் சேர்ந்து திட்டமிடும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. உகாண்டாவின் கசேசே மாவட்டத்தில், ருவென்சோரி மலையடிவாரக் காப்பி விவசாயிகளுடன் சேர்ந்து வளர்ச்சித் துறை ஆலோசகர் லிண்டா மேயூ வளர்த்தெடுத்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை, எல்லாம் படங்கள்தான். குடும்பத்தார் ஒரு மரம் வரைகிறார்கள். அடிமரத்தில் ஒரு பக்கம் வீட்டுப் பெண்கள், மறுபக்கம் ஆண்கள். அவரவர் பக்கத்து வேர்களில் அவரவர் செய்யும் வேலைகள்: காசு வரும் வேலையும் வராத வேலையும். கிளைகளில் அந்த உழைப்பின் பயனை யார் அனுபவிக்கிறார்கள் என்பது: வீட்டுச் செலவு, தன் சொந்தச் செலவு. அடிமரத்தின் இருபுறமும் யார் பெயரில் சொத்து, எதில் யார் முடிவு என்ற அடையாளங்கள்.

படம் முடியும்போது பல வீடுகளின் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பெண் பக்கம் வேர் அடர்ந்திருக்கும், ஆண் பக்கம் கிளை தழைத்திருக்கும். பயிற்றுநர் உபதேசம் செய்யவே தேவையில்லை. "இந்த மரம் நிற்குமா?" என்று கேட்டால் போதும். பத்து சொற்பொழிவுகளில் அசையாத ஒருவர் தன் கையால் வரைந்த மரத்தின் முன் பேச்சற்றுப் போகிறார்.

கசேசேயில் வெளிவந்த ஓர் உண்மை காப்பியின் தரத்தைப் பற்றியது. பழுக்காத காய்களைப் பறித்து விற்றதால் விலை விழுந்துகொண்டிருந்தது. அதற்கு அறியாமை காரணமில்லை. தான் பறிக்காவிட்டால் மற்றவர் பறித்து விற்றுப் பணத்தை வைத்துக்கொள்வார் என்று கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நம்பாமல் முந்திக்கொண்டதுதான். பறிப்பு நுட்பம் பற்றிய வகுப்பு எதுவும் இதைச் சரிசெய்திருக்காது. இருவரும் ஒரே திட்டத்தின் முன் உட்கார வேண்டியிருந்தது.

'கணவன் பக்கத்தில் இருந்தால் பெண் வாய் திறக்க மாட்டாள்' என்பீர்கள். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் முதலில் பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக, பிறகு சேர்ந்து என்று படிப்படியாகப் போக வேண்டும். ஆண்களிடம் பேச அவர்கள் மதிக்கும், ஏற்கெனவே மாறிய ஓர் ஆண் வேண்டும். அடி உதை நடக்கும் வீட்டில் இருவரையும் ஒரே தாளின் முன் உட்காரவைப்பது அந்தப் பெண்ணுக்கு ஆபத்து. அங்கே முதல் தேவை பாதுகாப்பும் சட்ட உதவியும். அதைக் கண்டுகொள்ளும் பயிற்சி இல்லாமல் எங்களைப் போன்றவர்களைக் களத்துக்கு அனுப்பாதீர்கள். கணவனை இழந்தவரும் தனித்து வாழ்பவரும் 'துணை இல்லை' என்று திருப்பி அனுப்பப்படவும் கூடாது. தாயோ மகனோ சகோதரியோ, யாரோடு வாழ்கிறாரோ அவரோடு வரட்டும். தனியாக வந்தாலும் இடம் இருக்கட்டும்.

நேரத்தையும் பாருங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, உலக அளவில் ஊதியமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைக்கு ஒரு பெண் சராசரியாக நாளொன்றுக்கு 4 மணி 25 நிமிடமும் ஓர் ஆண் 1 மணி 23 நிமிடமும் செலவிடுகிறார்கள். அந்த நாளுக்குள்தான் நம் பயிற்சியையும் திணிக்கிறோம். அவர் இங்கே இருக்கும்போது வீட்டில் யார் சமைப்பது, குழந்தையை யார் பார்ப்பது என்று நாம் கேட்பதே இல்லை. திட்டத்தால் அவருக்கு வேலை கூடி, வீட்டில் யாருக்கும் எதுவும் மாறவில்லை என்றால் அதற்கு அதிகாரமளித்தல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

1979-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, எல்லா நிலைகளிலும் வளர்ச்சித் திட்டமிடலில் பங்கேற்கும் உரிமை கிராமப்புறப் பெண்களுக்கு உண்டு என்கிறது. எல்லா நிலைகளிலும் என்பதில் அவர் வாழும் வீடும் அடங்கும் என்றே நான் படிக்கிறேன்.

கடைசியாக, உங்கள் அறிக்கைப் படிவத்தைப் பற்றி. 'பயிற்சி பெற்ற பெண்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தை நிரப்பி நிரப்பி நான் சலித்துவிட்டேன். அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேருங்கள். பயிற்சி முடிந்து ஓர் அறுவடை கழிந்த பின் நாங்கள் அந்த வீட்டுக்குப் போகிறோம். விளைச்சலை விற்று எவ்வளவு வந்தது என்று கணவரிடமும் மனைவியிடமும் தனித்தனியே கேட்கிறோம். இருவர் சொல்லும் தொகையையும் அருகருகே எழுதி உங்களுக்கு அனுப்புகிறோம். அந்தத் தாளைத் திருப்பித் தந்த பெண்ணின் வீட்டிலிருந்து தொடங்க நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு களப் பயிற்றுநர்